பேட்டர்ன் என்றால் வெட்டுப்படி

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் வீட்டோடு மெஷின் போட்டுத் தைத்துக் கொடுக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். போன மாதம் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் அவரிடம் கைப்பேசியை நீட்டி, “அக்கா, நம்மகிட்ட இருக்கிற பாவாடையில இருந்தே தையல் முறை உருவாக்கலாமாம், எப்படி?” என்று கேட்டாள். அக்கா ஒரு நிமிஷம் யோசித்தார். “இன்னா முறை? ஓட்டுத் தையலா, சங்கிலித் தையலா? பாவாடைய உள்பக்கம் திருப்பிப் பாரு, தெரிஞ்சுடும்.” அந்தப் பெண்ணும் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

அவள் படித்துக்கொண்டிருந்தது, பழைய பாவாடையைப் பிரிக்காமலே அதன் அளவைக் காகிதத்தில் எடுத்து, அதை வைத்துப் புதுத் துணி வெட்டுவது எப்படி என்ற பாடம். காகிதத்தில் எடுக்கும் அந்த வெட்டுருவுக்கு ஆங்கிலத்தில் பேட்டர்ன் என்று பெயர். தமிழாக்கியவர், அல்லது தமிழாக்கிய இயந்திரம், அதைத் ‘தையல் முறை’ ஆக்கிவிட்டது. இந்தச் சொல்லை நான் பார்ப்பது இது முதல் தடவை இல்லை. ஸ்வெட்டர் பின்னும் பேட்டர்ன் ‘பின்னல் முறை’ ஆனபோது பொறுத்துக்கொண்டேன். அங்கே எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்று எழுதியிருப்பார்கள், முறை என்றால் ஓரளவு பொருந்தும். தையலில் பேட்டர்ன் என்பது கையில் எடுத்துச் சுருட்டி ஆணியில் மாட்டக்கூடிய ஒரு பொருள். முறையை எப்படிச் சுருட்டுவது?

ஆங்கிலச் சொல்லின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் தந்தையைக் குறிக்கும் பாத்தெர். அதிலிருந்து பாத்ரோனுஸ், காப்பவர். அது பழைய பிரெஞ்சு வழியாகப் பேட்ரன் ஆகி இங்கிலாந்துக்கு வந்தது. ‘பின்பற்றத் தகுந்த பெரியவர்’ என்பதிலிருந்து ‘பார்த்துச் செய்யத் தகுந்த பொருள்’ என்று பொருள் நகர்ந்தது. 1700 வாக்கில் ஆளைக் குறிக்கப் பேட்ரன், பொருளைக் குறிக்கப் பேட்டர்ன் என்று இரண்டு சொல்லாகப் பிரிந்தன. பிரெஞ்சில் இன்னமும் முதலாளியும் தையல் பேட்டர்னும் ஒரே சொல்தான். அளவு வாரியான காகிதப் பேட்டர்ன்களை அமெரிக்காவில் பட்டரிக் தம்பதியர் விற்கத் தொடங்கியது 1863இல். ஆக, பார்த்துச் செய்வதற்கான மூலம் என்பதே அடிப்படைப் பொருள். இதில் முறையும் இல்லை, வடிவமும் இல்லை.

முறையாவது வெளிப்படையான தவறு, சிரித்துவிட்டுப் போய்விடலாம். எனக்கு உண்மையான சண்டை ‘தையல் வடிவம்’ என்பதோடுதான். தவறு மாதிரியே தெரியாது அது. ஒரு பயிற்சி நிலையம் கொடுத்த கையேட்டில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை இதுதான்: ‘வடிவத்தைத் துணியின் மீது வைத்து ஊசி குத்தவும்’. வடிவத்தின் மீது ஊசி குத்த முடியாது. வடிவம் என்பது ஒரு பொருளுக்கு இருக்கும் தோற்றம், அதற்குத் தனியாக உடம்பு கிடையாது. வட்டத் தட்டைக் கழுவலாம், வட்டத்தைக் கழுவ முடியுமா? சரி, இது இலக்கணக்காரி எடுக்கும் குற்றம் என்று தள்ளினாலும், அதே கையேட்டில் ‘பாவாடையின் வடிவத்திலிருந்து வடிவத்தை உருவாக்கவும்’ என்று ஒரு வரி வருகிறது. முதல் வடிவம் உடுப்பின் தோற்றம், இரண்டாவது காகிதம். படிக்கிற பெண் எதை எதிலிருந்து உருவாக்குவாள்?

அப்புறம், வடிவத்தைக் காகிதத்துக்குக் கொடுத்துவிட்டால் துணியில் இருக்கும் பூவுக்கும் கட்டத்துக்கும் என்ன சொல்வது? ஆங்கிலத்தில் அதுவும் பேட்டர்ன்தான். அவர்களுக்கு ஒரு சொல் இரண்டு வேலை செய்கிறது என்பதற்காக நாமும் அப்படியே செய்யவேண்டுமா? நம்மிடம் அந்தக் குழப்பமே இல்லை. குடியாத்தம் லுங்கி ‘கட்டம் போட்டது’, சீட்டிப் பாவாடை ‘பூப்போட்டது’. போடு என்ற வினையே வேலையை முடித்துவிடுகிறது, பெயர்ச்சொல்கூட வேண்டியதில்லை. ஒரு விற்பனைச் செயலியில் கட்டம் போட்ட, அதாவது ஆங்கிலத்தில் ‘செக்டு’, சட்டைக்குச் ‘சரிபார்க்கப்பட்ட வடிவச் சட்டை’ என்று போட்டிருந்தார்கள். யார் சரிபார்த்தார்கள் என்று தெரியவில்லை.

இன்னொரு கட்சி ‘வார்ப்புரு’ என்கிறது. கணினியில் ஒரே சட்டகத்தில் பல பக்கங்களை நிரப்பும் ஏற்பாட்டுக்கு அந்தச் சொல் நிலைத்துவிட்டது. அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் வார்ப்பது என்றால் உருக்கி ஊற்றுவது. வெண்கலப் பானை வார்க்கலாம், தோசை வார்க்கலாம். துணியை யாரும் ஊற்றுவதில்லை. வார்ப்பில் அச்சுக்குள் பொருள் போய் நிரம்புகிறது. வெட்டில் காகிதத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கத்தரி போகிறது. உள்ளே நிரம்புவதும் ஓரமாகப் போவதும் வேறு வேறு வேலைகள். கத்தரியைக் கையில் பிடித்துப் பார்த்த ஒருவர் இந்தச் சொல்லை முன்மொழிந்திருக்க மாட்டார் என்பது என் கணிப்பு.

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், சிலப்பதிகாரத்தில் ‘துன்னகாரரும் தோலின் துன்னரும்’ என்று துணி தைப்பவரும் தோல் தைப்பவரும் சேர்ந்தே வருகிறார்கள், ஆகவே ‘துன்னப் படிவம்’ என்று வைக்கலாம் என்றார். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் பக்கத்தில் இருக்க, அந்த வரி நமக்காகவே எழுதியதுபோல இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் லாங் பஜாரில் போய்த் துன்னம் என்றால் எதையோ தின்னக் கேட்கிறோம் என்று நினைப்பார்கள். ‘படிவம்’ என்றாலோ தாலுகா அலுவலகத்தில் நிரப்பும் தாள். தோல் தைப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? ஷூ தொழிற்சாலைகளில் அட்டையில் பேட்டர்ன் வெட்டி, அந்த அளவுக்கு இரும்புக் கத்தி செய்து, அதைத் தோலின் மேல் வைத்து அழுத்தி வெட்டுகிறார்கள். பேட்டர்ன், கத்தி. இரண்டே சொல், குழப்பமே கிடையாது. உருது பேசும் வீடுகளில் நமூனா என்ற சொல்லும் உண்டு, மாதிரி என்று பொருள்.

மாதிரி நல்ல சொல்தான். தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்று சுற்றியுள்ள எல்லா மொழியிலும் சிறு மாற்றத்தோடு புழங்குகிறது. துணிக்கடையில் காட்டும் வெட்டுத் துண்டுக்கும், பரீட்சை வினாத்தாளுக்கும் அதையே சொல்கிறோம். எனக்கு இருக்கும் தயக்கம், நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்த வேலையிலேயே அது இடறுகிறது என்பதுதான். இங்கே இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, நம்மிடம் ஏற்கெனவே இருக்கும், இடுப்பில் நன்றாக உட்காரும் பாவாடை. டெய்லரிடம் கொடுக்கும் அளவு ஜாக்கெட்டைப்போல இது அளவுப் பாவாடை. மற்றது, அதைப் பார்த்து எடுத்த காகிதம். இரண்டுமே மாதிரிதான். ‘மாதிரியிலிருந்து மாதிரி எடு’ என்று எழுதினால் வடிவக்காரர்களைவிட நான் எந்த விதத்தில் மேல்?

என் ஓட்டு ‘படி’க்கு. ஏட்டுச் சுவடியைப் பார்த்து எழுதியதைப் படி என்றுதான் சொல்லிவந்திருக்கிறோம். மூலப்படி, கையெழுத்துப் படி எல்லாம் இன்றும் வழக்கில் உள்ளவை. வினையும் கூடவே வருகிறது: படியெடு. பாவாடையிலிருந்து படியெடுப்பதும் சுவடியிலிருந்து படியெடுப்பதும் செயலளவில் ஒன்றே. மூலத்தைக் கிழிக்கக் கூடாது, இருப்பதை விடக் கூடாது, இல்லாததைச் சேர்க்கக் கூடாது.

சுவடியில் ஏடெழுதியவர் பிழையும் படிக்கு வந்துவிடுவதுபோல, இதிலும் வரும். நாலு வருஷம் கட்டிய பாவாடை பின்பக்கம் உட்கார்ந்து உட்கார்ந்து தொய்ந்திருக்கும். அப்படியே வரைந்தால் புதுப் பாவாடை பிறக்கும்போதே தொய்ந்து பிறக்கும். ஆகவே துவைத்து, இஸ்திரி போட்டு, முன்பக்கத்தை நட்ட நடுவில் மடித்துப் பாதியை மட்டும் காகிதத்தின் மேல் விரிக்கவேண்டும். தையல் ஓடும் கோட்டின் மேல் குண்டூசியால் சிறு இடைவெளி விட்டுக் குத்திக்கொண்டே போனால் அடியில் இருக்கும் காகிதத்தில் புள்ளிகள் விழும். புள்ளிகளைச் சேர்த்தால் தையல் கோடு. அதற்கு வெளியே தையலுக்கு அரை இஞ்ச், கீழே மடிப்புக்கு வேண்டியது. பின்பக்கம் தனியாக, இடுப்புப் பட்டி தனியாக. எலாஸ்டிக் இருந்தால் இழுத்துப் பிடித்து அளக்கவேண்டும். சுருக்கு வைத்த பாவாடையில் மேல் ஓரத்தை நம்பக் கூடாது. சுருக்கு விரிந்தால் எவ்வளவு துணி என்பதைக் கீழ் ஓரம்தான் சொல்லும். ஆறு பீஸ் உள்பாவாடை என்றால் வேலை மிச்சம். ஆறும் ஒரே மாதிரி இருந்தால் ஒரு பீஸுக்கு மட்டும் படியெடுத்தால் போதும். குடைபோல வட்டமாக விரியும் அம்பர்லா கட் பாவாடைக்குப் படியே வேண்டாம். இடுப்புச் சுற்றளவு 28 இஞ்ச் என்றால் அதை 6.28 ஆல், அதாவது இரண்டு மடங்கு ‘பை’யால், வகுத்தால் வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய நாலரை. அந்த அளவுக்கு நூலைப் பிடித்து வட்டம் போட்டால் முடிந்தது.

படிக்கு எதிர்ப்பும் உண்டு, மறைக்கவில்லை. மாடிப்படி, அரிசி அளக்கும் படி, ‘போய்ப் படி’ என்கிற படி. இவை போதாதென்று அகவிலைப்படி, பயணப்படி. இந்தக் கடைசிப் படிதான் உண்மையில் சங்கடம். ஏனென்றால் தையலுக்கு விடும் அந்த அரை இஞ்சுக்கு ஆங்கிலத்தில் இருக்கும் சொல்லும், சம்பளத்தோடு வரும் படிக்கான சொல்லும் ஒன்றே: அலவன்ஸ். யாராவது அதைத் ‘தையற்படி’ என்று மொழிபெயர்த்தால் என் படி அங்கேயே தடுக்கி விழும். இதற்காகத்தான் தையற்படி என்று சொல்லாமல் ‘வெட்டுப்படி’ என்கிறேன். எதற்காக எடுத்த படி என்பது சொல்லிலேயே இருக்கிறது. அரை இஞ்சுக்குச் சொல்லே தேட வேண்டாம். ‘தையலுக்கு விடுறது’ என்று வேலூரில் எந்த டெய்லரும் சொல்வார். அந்தக் கையேட்டில் இதற்கு ‘மடிப்புக் கொடுப்பனவு’ என்று போட்டிருக்கிறது. ஏதோ மாதாமாதம் வங்கியில் வரும்போல. துணியின் நூல் ஓட்டத்தைக் காட்டும் கோட்டுக்கு, ஆங்கிலத்தில் ‘கிரெய்ன் லைன்’ என்பதற்கு, ‘தானியக் கோடு’. நெசவாளர் குடும்பங்கள் நிறைந்த குடியாத்தமும் ஆரணியும் இருக்கும் வட்டாரத்தில், பாவு எது ஊடை எது என்று குழந்தைக்கும் தெரிந்த இடத்தில், நம் பாவாடைக்குள் நெல்லைக் கொட்டிவிட்டார்கள். பாவாடை என்ற சொல்லிலேயே பாவு இருக்கிறது, அதை உச்சரித்துப் பார்த்திருக்கலாம்.

இப்படி எழுதுபவர்கள் அகராதியைத் திறக்காமல் இல்லை. திறந்து, முதல் பொருளை எடுத்துக்கொண்டு மூடிவிடுகிறார்கள். அரை மணி நேரம் ஒரு தையல் கடை வாசலில் உட்கார்ந்திருந்தால் பாதிச் சொற்கள் தானாகக் காதில் விழுந்திருக்கும். பேட்டர்ன் என்றே தமிழில் எழுதினாலும் எனக்குக் கோபம் வராது. ஆம்பூரில் ஆயிரக்கணக்கானவர்கள் அதைச் சொல்லித்தான் சோறு சாப்பிடுகிறார்கள். கேட்டால் புரியாத தமிழைவிடக் கேட்டதும் புரியும் கடன் சொல் மேல். தமிழில்தான் வேண்டும் என்பவர்களுக்கு வெட்டுப்படி.

இதையெல்லாம் அந்த அக்காவிடமும் விளக்கினேன். மெஷினை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். சுவரில் ஆணி அடித்து நியூஸ்பேப்பரில் வெட்டிய படிகளைக் கட்டுக் கட்டாக மாட்டியிருந்தார்.

“நீங்க இதை என்னன்னு சொல்வீங்கக்கா?”

“இதையா? பேப்பரு.”

“எது யாருடையதுன்னு எப்படித் தெரியும்?”

“மேல எழுதியிருக்கு பாரு” என்றார். எட்டிப் பார்த்தேன். நீல மசியில் ‘டீச்சர் வீட்டுப் பொண்ணு, இடுப்பு 28, தையலுக்கு விடல’ என்று இருந்தது.