கழுவ முதல் ஒரு படம் எடுங்க

இலங்கையில், மட்டக்களப்புக் கல்லடியில் இருந்துகொண்டு காபட், சோபா கழுவும் வேலை செய்கிறேன். காத்தான்குடி, ஆரையம்பதி, அந்தப் பக்கம் கல்முனை, சாய்ந்தமருது வரைக்கும் போவேன். போகிற வீடுகளில் பெரும்பாலும் கறையால் கெட்ட காபட்டை விட, கறையை எடுக்கப் பதறிப்போய் ஊற்றியதால் கெட்ட காபட்டைத்தான் பார்க்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காத்தான்குடியில் ஒரு வீடு. கட்டாரிலிருந்து கணவர் கொண்டுவந்த கம்பளிக் காபட், அதில் பிள்ளை கறிச்சட்டியைத் தட்டிவிட்டது. அந்த ராத்தா உடனே உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தைப் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்திருக்கிறார். “தம்பி, சோப்பு போட்டதும் ரெத்தம் மாதிரி செவந்திட்டு” என்று போனில் அழுதார். அது ரத்தமும் இல்லை, புதுக் கறையும் இல்லை. மஞ்சளில் சவர்க்காரத்தின் காரம் பட்டால் சிவக்கும், சுண்ணாம்பு சேர்த்து ஆலாத்தி கரைக்கும்போது பார்த்திருப்பீர்களே, அதேதான். அங்கேயே நிறுத்தியிருந்தால் காபட் தப்பியிருக்கும். ஆனால் நான் போய்ச் சேர முதல் குளோரின் பிளீச்சையும் ஊற்றிவிட்டார். கம்பளி என்பது ஆட்டு மயிர், நம் தலைமுடி மாதிரி. பிளீச் அதன் சாயத்தை மட்டுமல்ல, நூலையே தின்றுவிடும். அந்த இடம் கையோடு பிய்ந்து வந்தது, நான் செய்ய ஒன்றும் மிஞ்சவில்லை.

மஞ்சள் கறி சிந்தினால் முதலில் கரண்டியால் வழித்து எடுங்கள். பிறகு வெள்ளைத் துணியை வைத்து அமத்துங்கள், தேய்க்க வேண்டாம். கலர்த் துணி என்றால் அதன் சாயமும் ஏறும். கறையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வர வேண்டும், நடுவிலிருந்து வெளியே போனால் கறை அகலும். வெள்ளை வினாகிரி ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு கலந்து, முதலில் காபட்டின் மறைவான மூலையில் தொட்டுப் பார்த்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஒற்றி எடுங்கள். மீதி மஞ்சளை வெயில் பார்த்துக்கொள்ளும். மஞ்சளின் நிறம் வெயிலில் தானாக மங்கும், நம் பக்கத்து வெயிலுக்குக் கேட்கவா வேணும்.

உங்கள் காபட் எந்த நூல் என்று தெரியவில்லையா? ஓரத்தில் ஒரு இழையைப் பிடுங்கி வெளியே வைத்துக் கொளுத்துங்கள். முடி கருகும் மணம் வந்து சாம்பலாக நொறுங்கினால் கம்பளி, உருகி மணி மாதிரி இறுகினால் செயற்கை நூல். எண்ணெய் சிந்தினால் அரிசிமாவைத் தூவி எண்ணெயை இழுக்க விடலாம். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர் மட்டும், சுடுதண்ணீர் பட்டால் உறைந்து பிடித்துக்கொள்ளும். அப்புறம், கழுவிக் காய்ந்த பிறகு கறை திரும்பி வந்தது என்று நிறையப் பேர் சொல்வார்கள். அடியில் தங்கிய அழுக்கு ஈரத்தோடு சேர்ந்து நூல் வழியே மேலே ஏறுகிறது, அவ்வளவுதான். மடித்த வெள்ளைத் துணியை வைத்து மேலே பாரமாக ஏதாவது ஏற்றி இரவு முழுக்க விட்டால் அந்த அழுக்கு துணிக்கு வந்துவிடும்.

சரி, பணக் கதைக்கு வருவோம்.

கல்முனையில் ஒரு வீட்டில் ஏசியின் தண்ணீர்க் குழாய் அடைபட்டு, சுவரோரமாக நாட்கணக்கில் கசிந்து காபட்டுக்குள் இறங்கியிருக்கிறது. சணல் அடி வைத்த காபட், ஈரம் ஊறி மேலே பழுப்பாக வளையம் போட்டுவிட்டது. ஏசிக்கு வொரண்டி இருக்கிறது, காபட்டுக்கும் காசு தருவார்கள் என்று அந்த அண்ணன் நம்பினார். வந்தவர்கள் ஏசியைத் திருத்திவிட்டுப் போய்விட்டார்கள். வொரண்டி அட்டையை நான் வாசித்துக் காட்டினேன்: பொருளின் பழுதுக்கு மட்டும், அந்தப் பழுதால் வேறு பொருளுக்கு வந்த சேதத்துக்கு இல்லை. இந்த வரி அநேகமான வொரண்டிகளில் இருக்கும். அடுத்தது காப்புறுதி. வங்கிக் கடனில் கட்டிய வீடு, பொலிசி இருக்கிறதுதான், ஆனால் அது கட்டடத்துக்கு மட்டும். வீட்டுக்குள் இருக்கும் சாமானுக்குத் தனியாக எடுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எடுத்திருந்தாலும் இதில் கிடைப்பது கஷ்டம், ஏனென்றால் பொலிசிகள் திடீரென்று நடந்த விபத்துக்குத்தான் எழுதப்படுகின்றன. மெதுவாகக் கசிந்தது, பூஞ்சணம் பிடித்தது, பாவித்துத் தேய்ந்தது எல்லாம் வழமையாக விலக்குப் பட்டியலில்தான் இருக்கும்.

வெளிநாட்டுச் சொந்தங்கள் சொல்வதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். லண்டனில் வீட்டுச் சாமான் காப்புறுதியோடு தற்செயல் சேதத்தையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு, காபட்டில் பெயின்ட் கொட்டினால்கூடக் கிடைக்கலாம். அமெரிக்காவில் வீட்டு வொரண்டி என்பது காப்புறுதியே இல்லை, ஏசி, குழாய், அடுப்பு மாதிரியானவற்றைத் திருத்தித் தரும் சேவை ஒப்பந்தம். இங்கே உங்களிடம் இருப்பது வேறு தாள். அதில் வெள்ளம், சூறாவளி, குழாய் வெடிப்பு என்று ஒவ்வொன்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் தீக் காப்புறுதி என்றால் வெள்ளத்துக்கு வராது. பெறுமதியைக் குறைத்து எழுதுவதும் ஆபத்து. பத்து இலட்சம் ரூபாய்ச் சாமானை ஐந்து இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தால், சராசரி விதிப்படி (பெறுமதியில் எந்தப் பங்குக்குக் காப்புறுதி செய்தோமோ, சேதத்திலும் அந்தப் பங்குதான்) 60,000 ரூபாய் சேதத்துக்கு 30,000 தான் கணக்காகும்.

2024 நவம்பர் வெள்ளத்தில், காப்புறுதியெல்லாம் சரியாக எடுத்து வைத்திருந்த ஒரு குடும்பம் காரைதீவில் இருந்தது. தண்ணீர் வடிந்த அன்றே காபட், மெத்தை எல்லாவற்றையும் றோட்டோரம் போட்டுவிட்டார்கள், உழவு இயந்திரம் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. நாற்றம், பாம்பு, பூரான், சின்னப் பிள்ளைகள், யார் வைத்திருப்பார்கள்? ஆனால் படம் இல்லை, பில் இல்லை. காப்புறுதிக் கம்பனியின் மதிப்பீட்டாளர் வந்தபோது காட்ட வெறும் சீமெந்துத் தரைதான் இருந்தது. கிடைத்தது அவர்கள் இழந்ததில் சின்னப் பங்கு. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

ஆகவே மாரிக்கு முதல், ஒவ்வொரு அறையையும் போனில் வீடியோ எடுத்து வெளியூரில் இருக்கும் சொந்தக்காரருக்கு அனுப்பி வையுங்கள், போன் தண்ணீரில் போனாலும் அது இருக்கும். சேதம் நடந்தால் தொடமுன் படம், பிறகு கம்பனிக்கு அறிவித்தல், அழைத்த நேரத்தையும் பேசியவர் பெயரையும் குறித்துவையுங்கள். கம்பனி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதற்குமேல் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம். சாமானின் வொரண்டிப் பிரச்சினை என்றால் நுகர்வோர் அதிகாரசபை, இலக்கம் 1977.

வெள்ளம் ஏறிய காபட்டைக் கழுவித் தரச்சொல்லி என்னிடம் கொண்டுவராதீர்கள், நான் எடுப்பதில்லை. மலசலகூடக் குழித் தண்ணீரும் கலந்த வெள்ளம் அது, அடிப்பஞ்சுக்குள் போனால் எந்த மெஷினாலும் வெளியே வராது, பிள்ளைகள் தவழும் இடம். முழுக்காபட்டையும் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள், பின்பக்க லேபலையும் எடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு உள்ளங்கை அளவு ஒரு துண்டை வெட்டிக் காயவைத்து, மதிப்பீட்டாளருக்குக் காட்டப் பைக்குள் கட்டி வையுங்கள். கம்பனியிடம் சொல்லிவிட்டு மீதியை எறியலாம்.