தண்ணீர் நின்ற பிறகு பைப் உறிஞ்சும்

வேலூரில் பாலாற்றுத் தண்ணீரோ காவிரித் தண்ணீரோ, தெருக் குழாயில் முறை வைத்துத்தான் வருகிறது. அதனால் தெருக் குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் பைப்பில் விழும் ஓட்டைக்கு இரண்டு வேலை: தண்ணீர் வரும்போது வெளியே விடும், நின்றதும் உள்ளே இழுக்கும்.

முதல் வேலையைக் கணக்குப் போட்டுவிடலாம். 10 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தில் 1.5 மி.மீ. ஓட்டை மணிக்குச் சுமார் 50 லிட்டர் கொட்டும், 3 மி.மீ. என்றால் 200. இரண்டாவதுதான் மோசம். வால்வை மூடிய பிறகும் பள்ளத்துத் தெருவில் குழாய் திறந்திருந்தால் தெருவின் பெரிய குழாயான மெயினில் மிச்சமிருக்கும் தண்ணீர் அங்கே வடிந்துபோகும். சத்துவாச்சாரி மலையடிவாரம் மாதிரியான மேட்டுப் பகுதியில் அப்போது பைப்புக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையும். பக்கத்தில் சாக்கடை ஓடினால் அது ஓட்டை வழியாக ஏறிவிடும். சர்வீஸ் பைப்பில் நேராக மோட்டார் மாட்டுகிறவர்கள் இதைக் காசு கொடுத்துச் செய்கிறார்கள்.

கசிவு இருக்கிறதா என்று பார்க்க, தண்ணீர் வரும் நேரத்தில் வீட்டுக் குழாய்களையும் சம்ப் வால்வையும் மூடுங்கள். மீட்டர் ஓடினால் அதற்கும் வீட்டுக்கும் நடுவே கசிகிறது. மீட்டர் இல்லையென்றால் நீளமான ஸ்குரூடிரைவரைப் பைப்பில் ஊன்றிப் பிடியில் காதை வையுங்கள், சீறல் கேட்கும். ஈரம் தெரியும் இடத்தையே நம்பித் தோண்டாதீர்கள். மண்ணுக்கடியில் பாறை இருந்தால் தண்ணீர் அதன் சரிவிலேயே ஓடி வேறெங்கோ மேலே வரும். தெருவில், சர்வீஸ் பைப்பை மெயினில் இணைக்கும் ஃபெரூல் பக்கம் கசிந்தால் மாநகராட்சியிடம் சொல்லுங்கள்.

கருப்பு எச்டிபிஇ (பாலிஎதிலீன்) பைப்பில் சைக்கிள் ட்யூப் கட்டுவதும் பிவிசி பசை தடவுவதும் வீண். அந்தப் பசை பிவிசியின் மேற்பரப்பைக் கரைத்துத்தான் ஒட்டுகிறது. பாலிஎதிலீன் அதில் கரையாது. கெட்ட பகுதியை ஹாக்சாவால் நேராக அறுத்து, புதுத் துண்டை, நட்டை இறுக்கினால் பைப்பைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு கம்ப்ரெஷன் கப்ளரில் சேர்ப்பதே வழி. 20 மி.மீ. என்பது இதில் வெளிவிட்டம். அரை இஞ்ச் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பின் வெளிவிட்டம் 21.3 மி.மீ., அதற்கான கப்ளர் இதற்குப் பிடிக்காது. அறுத்த முனையின் ஓரத்தைக் கத்தியால் சரித்துச் செதுக்குங்கள், இல்லையென்றால் கப்ளருக்குள் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் கீறும். பைப் உள்ளே எவ்வளவு போக வேண்டும் என்று முன்பே கோடு போட்டுக்கொண்டு, நட்டைத் தளர்த்தி, அந்தக் கோடு வரை தள்ளி, பிறகு இறுக்குங்கள். பாதியில் நின்றால் முதல் நாள் பிடிக்கும், அழுத்தம் ஏறும் ஒரு காலையில் கழன்றுவிடும்.

ஜிஐ பைப் பெரும்பாலும் மரையில்தான் துருப்பிடிக்கிறது. மரை வெட்டும்போது அங்கே துத்தநாகப் பூச்சு போய்விடுகிறது, சுவரும் மெலிகிறது. இரண்டு பக்கமும் பூட்டிய பைப்பை நடுவில் திருக முடியாது: ஒரு முனை இறுகினால் மறுமுனை கழலும். பைப்பைத் திருகாமலே கழற்றிச் சேர்க்கும் யூனியன் போடுவது அதனால்தான். டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையிலேயே சுற்றுங்கள்.

குழி திறந்திருக்கும்போதே தண்ணீர் விட்டுப் பாருங்கள். பிறகு பைப்பின் கீழும் மேலும் 10 செ.மீ. மணல் போட்டு மூடுங்கள். தோண்டிய கல்லையே திரும்பப் போட்டால் வண்டி ஏறும்போது கல்முனை பைப்பை அழுத்திக்கொண்டே இருக்கும்; அடுத்த விரிசல் அங்கேதான் விழும். முதலில் வரும் சில வாளித் தண்ணீரைக் குடிக்க எடுக்காதீர்கள். பிறகு, குளோரின் இருந்தால் நிறம் காட்டும் சோதனைச் சொட்டு விட்டுப் பார்க்கலாம், லிட்டருக்கு 0.2 மி.கி.யாவது இருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் நிறம் காட்டி உங்கள் குழாயில் காட்டாவிட்டால், மண்ணுக்குள் இன்னொரு ஓட்டை இருக்கிறதா என்று தேடுங்கள்.