சேம்பர் ஃபோக்: தமிழில் என்ன பெயர்?

ஒரு கிட்டார், ஒரு செல்லோ, ஒரு வயலின், இரண்டு குரல்கள். தாளக் கருவி இருந்தாலும் அடங்கியே ஒலிக்கும். பெரிய இசை நிறுவனம் எதையும் சாராமல், தம் ஊரின் சிறு கூடங்களில் வாசிக்கும் இத்தகைய குழுக்களை ‘இண்டிபெண்டன்ட் சேம்பர் ஃபோக் பேண்ட்’ என்கிறார்கள். இந்த நான்கு சொற்களுள், தமிழாக்குபவரைத் தடுமாற வைப்பது சேம்பர்தான்.

கிரேக்க வழி லத்தீனுக்கு வந்த ‘கமெரா’ என்ற சொல் வளைகூரை கொண்ட இடத்தைக் குறித்தது. பிரெஞ்சு மொழியைக் கடந்து ஆங்கிலத்தில் சேம்பர் ஆயிற்று. நாம் படமெடுக்கும் கேமராவும் இதன் உடன்பிறப்பே. ‘கேமரா அப்ஸ்கூரா’, அதாவது இருட்டறை என்ற பெயரின் முன்பாதி மட்டும் கருவிக்குத் தங்கிவிட்டது. 17ஆம் நூற்றாண்டு இத்தாலியில் சொனாட்டா என்ற கருவியிசைப் படைப்புகளைத் தேவாலயத்துக்கு உரியவை, அறைக்கு உரியவை என்று இரண்டாகப் பிரித்தார்கள். அந்த அறை அரண்மனையிலும் பிரபுக்களின் மாளிகையிலும் இருந்தது. காலப்போக்கில் சொல் இடத்தை விட்டு அளவைப் பற்றிக்கொண்டது: ஒவ்வொரு பகுதியையும் வாசிக்க ஒரே ஒருவர், கோல் பிடித்து நடத்த எவரும் இல்லை. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ கொண்ட நால்வர் குழு இதற்கு நல்ல சான்று.

ஃபோக் என்பது பழைய ஆங்கிலத்தில் ‘மக்கள்’. 1846இல் வில்லியம் தாம்ஸ் என்ற ஆங்கிலேயர், மக்களின் மரபு வழக்காறுகளைக் குறிக்க ‘ஃபோக்லோர்’ என்ற சொல்லை உருவாக்கினார். தமிழில் நாட்டுப்புறம், நாட்டார் என்று இரண்டும் வழங்குகின்றன. நாட்டுப்புறம் என்பதில் நகரத்தாரின் ஏளனம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. நாட்டார் என்பது சில இடங்களில் சாதிப் பட்டமாக இருப்பது உண்மைதான். ஆனாலும் அது மக்களைச் சுட்டுகிறது, ஆகவே அதையே கொள்கிறேன்.

சேம்பர், ஃபோக் என்ற இரண்டு சொற்களும் ஒன்றாக நிற்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பூட்டுகிறது. சிலப்பதிகாரம் கூத்தை வேத்தியல், பொதுவியல் என்று இரு திறமாகச் சொல்கிறது. வேந்தன் அவைக்குரியது ஒன்று, எல்லாருக்கும் உரியது மற்றொன்று. சேம்பர் வேத்தியலின் பிள்ளை, ஃபோக் பொதுவியலின் பிள்ளை. 1969இல் வெளிவந்த ஆங்கிலேயப் பாடகர் நிக் டிரேக்கின் முதல் இசைத்தட்டில், பல பாடல்களுக்கு அவருடைய கேம்பிரிட்ஜ் நண்பர் ராபர்ட் கிர்பி வயலின், செல்லோ போன்ற கருவிகளுக்கான பகுதிகளை எழுதினார். தனிக் குரலும் கிட்டாரும் நடுவில் நிற்க, வயலின்களும் செல்லோக்களும் அவற்றை அழுத்தாமல் சூழ்ந்துகொள்ளும் அந்த ஒலியைக் கேட்டால், இரு பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ் எப்படி வாழ்கிறார்கள் என்பது புரியும்.

சரி, சேம்பருக்குத் தமிழ்? ‘அறை இசை’ என்று நேராகப் பெயர்ப்பது தவறான வழி. அறைதல் என்றால் தமிழில் அடித்தல். முரசு அறைந்தார்கள், பறை அறைந்தார்கள் என்கிறோம். மென்மையான இந்த இசைக்கு ‘அறை’ என்று பெயரிட்டால், கேட்பவர் காதில் முதலில் விழுவது கொட்டு முழக்கம். அறைக்குச் சுவர்கள் போதும். அவைக்கு ஆட்கள் வேண்டும். வாசிப்பவரும் கேட்பவரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்கும் தொலைவில் இருப்பதுதான் இந்த இசையின் உயிர். ஆகவே என் தேர்வு ‘சிற்றவை’. சிறிய அளவும் நெருக்கமும் அதில் சேர்ந்தே வருகின்றன. வேத்தியலின் அவையும் உள்ளே இருக்கிறது.

இண்டிபெண்டன்ட்டுக்குச் ‘சுயாதீன’ என்று இதழ்கள் எழுதுகின்றன. அது தவறில்லை, ‘தற்சார்பு’ இன்னும் தெளிவு. பேண்டுக்கு இசைக்குழு, பேண்ட் என்றே எழுதினால் ஊர்வலத்தில் ஊதிச் செல்லும் பேண்டு வாத்தியம் நினைவுக்கு வந்துவிடும்.

சேர்த்து எழுதினால் ‘தற்சார்புச் சிற்றவை நாட்டார் இசைக்குழு’. சுவரொட்டிக்கு இது நீளம்தான். முதல் முறை முழுப்பெயரைச் சொல்லிவிட்டால், அடுத்த வரியிலிருந்து ‘சிற்றவைக் குழு’ போதும்: “இன்று மாலை சிற்றவைக் குழு பாடுகிறது; ஒலிபெருக்கி இல்லை, முன்வரிசையில் அமருங்கள்.”