டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்குக் காக்ளியர் கிடையாதா? வாய்வார்த்தையை நம்பித் திரும்பாதீர்கள்

தமிழ்நாட்டில் பிறவியிலேயே காது கேளாத, 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளான்ட் (ஆபரேஷன் செய்து உள்காதில் வைக்கும் கேட்கும் கருவி) இலவசமாக வைக்கிறார்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விஏஓ மூலம் வருமானச் சான்று, கலெக்டர் ஆபீஸில் காப்பீட்டு அட்டை. திட்டத்தைப் பற்றி இவ்வளவு போதும். டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருந்து வளர்ச்சி மெதுவாகும் நிலை) உள்ள குழந்தையின் பெற்றோருக்குச் சிக்கல் இதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

"இது டவுன்ஸ் குழந்தைம்மா, மெஷின் வெச்சாலும் பேச்சு வராது" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி ஓபி சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதையே முடிவாக எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்ட தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். ஏறாதீர்கள். டவுன் சிண்ட்ரோம் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு குழந்தையை ஒதுக்க முடியாது. உள்காதும் கேட்கும் நரம்பும் எப்படி இருக்கின்றன, ஹியரிங் எய்டில் பலன் தெரிகிறதா, மயக்க மருந்தை உடம்பு தாங்குமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். பேச்சு மற்ற குழந்தைகளைவிட மெதுவாக வரும், சிலருக்குக் கொஞ்சமாகத்தான் வரும், அது உண்மை. ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதும், பின்னால் வரும் வண்டியின் ஹாரன் காதில் விழுவதும் சின்ன விஷயமா?

மறுத்தால் காரணத்தை எழுதிக் கேளுங்கள். எம்ஆர்ஐயில் நரம்பு இல்லை என்று எழுதினால் அது மருத்துவக் காரணம். வெறுமனே டவுன் சிண்ட்ரோம் என்று எழுதினால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 3ஆம் பிரிவைக் காட்டிப் பாகுபாடு என்று கேட்கலாம். அந்தத் தாளின் நகலோடு மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு மனு போடுங்கள். கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்திலும் ஒன்று கொடுங்கள்.

அடுத்தது அந்த 6 வயது வரம்பு. நிறையப் பேர் விழுவது இங்கேதான். இந்தக் குழந்தைகளுக்குக் காதுத் துவாரம் குறுகலாக இருக்கும், நடுக்காதில் நீர் கட்டிக்கொள்ளும். அது இருக்கும்போது பெரா (ஒலிக்குக் கேட்கும் நரம்பும் மூளையும் எப்படிப் பதில் தருகின்றன என்று பார்க்கும் டெஸ்ட்) எடுத்தால், இருப்பதைவிடக் கேட்கும் திறன் குறைவாகத் தெரியும். அதனால் "நீர் வத்தட்டும், மூணு மாசம் கழிச்சு வாங்க" என்பார்கள். சொல்வது நியாயம்தான். ஆனால் திரும்பப் போனால் மறுபடி மூன்று மாதம். அப்புறம் ஆபரேஷனுக்கு இதய டாக்டரின் ஃபிட்னஸ் சான்று, ஏனென்றால் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவி இதயக் கோளாறு இருக்கும். பிறகு தைராய்டு, கழுத்து எலும்புப் பரிசோதனைகள், நியூமோகாக்கல் தடுப்பூசி. ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்ததைச் சொல்வார்கள். நீங்கள் எல்லாவற்றையும் முதல் நாளே கேட்டு வாங்கி, சேர்த்தே ஆரம்பித்துவிடுங்கள். ஹியரிங் எய்டையும் இப்போதே போட்டு, போட்ட தேதியை ஃபைலில் எழுத வையுங்கள். எழுதாவிட்டால் எய்ட் போட்டுப் பார்த்ததற்கு ஆதாரம் இல்லை என்று மறுபடி முதலிலிருந்து வரச் சொல்வார்கள். காத்திருந்த மாதங்களை யாரும் வயதில் கழித்துத் தர மாட்டார்கள்.

காக்ளியருக்கு முன்னால் எடுக்கும் சைக்காலஜி மதிப்பீட்டில் கவனம் தேவை. காது கேட்காத குழந்தையிடம் வாயால் கேள்வி கேட்டு மதிப்பெண் போட்டால் குறைவாகத்தான் வரும். பேச்சு தேவைப்படாத டெஸ்ட் வைக்கச் சொல்லுங்கள். என்ன டெஸ்ட் வைத்தார்கள் என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

யுடிஐடி அட்டையில் (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) அறிவுசார் குறைபாட்டோடு செவித்திறன் குறைபாடும் பதிவாக வேண்டும். ஒன்றுதான் இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். வருமான வரம்பைத் தாண்டிவிட்டீர்கள் என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டம் இருக்கிறது, அதன் வரம்பு இதைவிட அதிகம். ஆனால் அதிலும் வயதுக் கட்டுப்பாடு உண்டு.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போங்கள். டவுன் சிண்ட்ரோம், செவித்திறன் குறைபாடு இரண்டுமே அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் இருப்பவை. எந்த ஆபீஸானாலும் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். பெரா ரிப்போர்ட், எம்ஆர்ஐ ஃபிலிம், மறுப்புக் கடிதம் எல்லாவற்றின் ஒரிஜினலும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.