காய்ச்சலும் பாய்ச்சலும்

தண்ணீர் கட்டிய நெல் வயலில் இறங்கிக் காலைச் சேற்றில் அழுத்தினால் குமிழிகள் பொளபொளவென்று கிளம்பும். அவற்றில் மீத்தேன் வாயு இருக்கிறது.

நீர் மூடிய மண்ணுக்குள் காற்று இறங்காது. மிச்சமிருக்கும் ஆக்சிஜனை வேர்களும் நுண்ணுயிர்களும் சீக்கிரமே தீர்த்துவிடும். அப்புறம் ஆக்சிஜன் பட்டாலே ஒடுங்கிப்போகும் ஒருவகை நுண்ணுயிர்களின் ராஜ்ஜியம்தான். மட்கும் நெல்தாளும் வேர்க்கழிவும் சிதைந்து வருவதை அவை மீத்தேனாக மாற்றுகின்றன. குமிழியாக வருவது கொஞ்சம்தான். வேருக்குக் காற்று கொண்டுபோக நெல் தன் தண்டுக்குள் குழல்கள் வைத்திருக்கிறதே, பெரும்பகுதி மீத்தேன் அந்த வழியாகத்தான் வெளியே வருகிறது. நூறு ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் 1 கிலோ மீத்தேன், சுமார் 28 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும்.

நெல் நீர்ப்பயிர் என்று நினைக்கிறோம். உண்மையில் அது நீரைத் தாங்கும் பயிர். களையை அடக்கத்தான் பெரும்பாலும் தண்ணீர் கட்டுகிறோம். எனவே இடையிடையே வயலைக் காயவிட்டு, விட்டுவிட்டுப் பாய்ச்சலாம். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இதற்கு எளிய அளவுகோல் ஒன்றைப் பரப்பியது. ஓட்டை போட்ட பிவிசி பைப்பை வயலில் புதைத்து, உள்ளே நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி பாய்ச்ச வேண்டும். நட்ட புதிதிலும் பூக்கும் பருவத்திலும் மட்டும் காயவிடக் கூடாது. சரியாகச் செய்தால் தண்ணீர் 30 சதவீதம் வரை மிச்சம், மீத்தேன் ஏறத்தாழ பாதியாகும். விளைச்சல் பெரிதாகக் குறையாது.

வயலை இப்படிக் காயவிடுவது சோற்றுத் தட்டையும் தொடுகிறது. வங்கதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் குழாய்க் கிணற்று நீரோடு ஆர்செனிக் என்ற நச்சுப்பொருள் வயலுக்கு வருகிறது. காற்றுள்ள மண்ணில் அது இரும்போடு ஒட்டிக் கிடக்கும். சேற்றில் இரும்பு கரையும்போது விடுபட்டு, பயிருக்குத் தேவையான சிலிக்கா நுழையும் வழியாகவே வேருக்குள் புகுந்து அரிசிக்குப் போய்விடுகிறது. வயல் காய்ந்தால் இது குறையும். ஆனால் காட்மியம் என்ற நச்சு உலோகம் நேர் எதிர், காய்ந்த மண்ணில்தான் பயிருக்குள் ஏறும். ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகையில் காட்மியம் கலந்த அரிசியைச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டு எலும்புகள் நொறுங்கின. ஆகவே எந்த மண் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே யோசனை சொல்வது ஆபத்து.

கணக்கு இன்னும் முடியவில்லை. யூரியா போட்ட வயல் காய்ந்து நனையும்போது நைட்ரஸ் ஆக்சைடு கிளம்புகிறது. பூமியைச் சூடாக்குவதில் அது மீத்தேனைவிடப் பல மடங்கு வீரியமானது. உரத்தை அளவாகப் பிரித்துப் போட்டால் மீத்தேன் குறைந்த லாபமே மிஞ்சி நிற்கும். மூளைக்காய்ச்சல் பரப்பும் க்யூலெக்ஸ் கொசுவின் புழுக்கள் காய்ந்த வயலில் சாகும். கூடவே தவளைக் குஞ்சுகளும் சாகும். கொக்குக்கு இரை குறையும்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் எல்லா வயலிலும் பைப் இல்லை? தமிழ்நாட்டில் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம் என்பதால் தண்ணீரை மிச்சப்படுத்தினாலும் விவசாயியின் கையில் காசு மிஞ்சாது. காவிரிக் கடைமடையிலோ கதையே வேறு. அடுத்த முறைத் தண்ணீர் எப்போது வருமென்று தெரியாதவர், வந்த நீரை வரப்பு முட்டத் தேக்கத்தான் பார்ப்பார். அவரிடம் போய் வயலைக் காயவிடுங்கள் என்று யார் சொல்வது?