பார்க்ஃபீல்டு: 18 பேர் வாழும் ஊரும் அதன் அடியில் வழுக்கும் களிமண்ணும்

உலகின் எந்த மூலையில் நிலம் குலுங்கினாலும் அடுத்த சில நாட்களில் இந்தக் கேள்வி எனக்கு வந்துவிடும்: நிலநடுக்கத்தை முன்கூட்டியே சொல்ல முடியாதா? இந்த முறை ஒரு வாசகி ஒரு ஜோதிடரின் வீடியோவையும் சேர்த்து அனுப்பியிருந்தார். “இவர் தேதியே சொல்கிறார். விஞ்ஞானிகள் ஏன் சொல்வதில்லை?” என்று கேட்டிருந்தார். விஞ்ஞானிகளும் ஒரு முறை சொன்னார்கள். எழுத்தில், காலக்கெடுவோடு, ஓர் அரசு அமைப்பின் பெயரிலேயே சொன்னார்கள். அந்தக் கதை நடந்த ஊர் பார்க்ஃபீல்டு.

சான் பிரான்சிஸ்கோவுக்கும் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் ஏறக்குறைய நடுவில், கலிபோர்னியாவின் மான்டரே கவுன்டியின் தென்கோடியில், சோலாமே பள்ளத்தாக்கில் இருக்கிறது இந்த ஊர். சுற்றிலும் காய்ந்த புல் மூடிய குன்றுகள், ஓக் மரங்கள், மாட்டுப் பண்ணைகள். ஊர்ப் பலகையில் மக்கள்தொகை 18 என்று எழுதியிருக்கிறது. எப்போதும் இப்படி இருக்கவில்லை. பாதரசச் சுரங்கங்களும் நிலக்கரியும் ஆட்களை இழுத்து வந்த காலம் ஒன்று உண்டு. 1884இல் தபால் நிலையம் வந்தது. ரஸல்ஸ்வில் என்ற பழைய பெயரைத் தபால்துறை ஏற்காததால் ஊர் பார்க்ஃபீல்டு ஆனது. சுரங்கங்கள் ஓய்ந்தன, ஆட்கள் கிளம்பினார்கள், 1954இல் அந்தத் தபால் நிலையமும் மூடப்பட்டது. பாதரசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதனிடம் திரும்பி வருவோம்.

ஊருக்குள் நுழைய ஒரு சிறிய பாலத்தைக் கடக்க வேண்டும். ஒரு கரையில் பசிபிக் புவித்தட்டு, மறு கரையில் வட அமெரிக்கப் புவித்தட்டு. இரண்டு பக்கமும் பலகை வைத்திருக்கிறார்கள். பாலத்துக்குக் கீழே ஓடுவது ஒரு சிற்றோடை, அதற்கும் கீழே இருப்பது அந்த இரண்டு தட்டுகளும் உரசிக்கொள்ளும் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு. பாலத்தின் ஒரு முனையில் நின்று கைப்பிடிக் கம்பியை நேராகப் பார்த்தால் அது வளைந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். எந்த வண்டியும் மோதி வளைந்ததல்ல. இரண்டு கரைகளும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் எதிரெதிர்த் திசையில் நழுவிக்கொண்டே இருப்பதால் வந்த வளைவு அது.

இனி கணக்கு. 1857, 1881, 1901, 1922, 1934, 1966. இத்தனை முறையும் பார்க்ஃபீல்டில் ஏறக்குறைய 6 அளவு நிலநடுக்கம் வந்தது. சராசரி இடைவெளி 22 ஆண்டுகள். 1934இலும் 1966இலும் பெரிய அதிர்வுக்குச் சரியாக 17 நிமிடம் முன்னால், ஒரே அளவில் ஒரு முன்னதிர்வு வந்திருந்தது. 1922, 1934, 1966 அதிர்வுகளை நெதர்லாந்தின் டி பில்ட் நிலையம் பதிவு செய்திருந்தது. அந்தத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் கோடுகள் அப்படியே பொருந்தின. 1966 அதிர்வுக்கு ஒன்பது மணி நேரம் முன்பு பிளவின் குறுக்கே போன ஒரு பாசனக் குழாய் உடைந்திருந்தது. இவ்வளவும் கையில் இருக்கும்போது யாருக்குத்தான் நம்பிக்கை வராது? 1985இல் அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறை அறிவித்தது: அடுத்தது 1988 வாக்கில் வரும், 1993 முடிவதற்குள் வந்துவிட 95 சதவீத வாய்ப்பு.

பள்ளத்தாக்கு முழுக்கக் கருவிகளை நிறுவினார்கள். பிளவின் குறுக்கே கட்டிய கம்பிகள், குன்றுக்குக் குன்று தூரம் அளக்கும் லேசர், பாறை எவ்வளவு நசுங்குகிறது, இழுபடுகிறது என்று அளக்கப் பாறைக்குள் இறக்கிய இறுக்கமானிகள், நீர்மட்டம் பார்க்கக் கிணறுகள். 1992 அக்டோபரில் 4.7 அளவில் ஓர் அதிர்வு வந்ததும் 72 மணி நேர எச்சரிக்கை விடுத்தார்கள். பத்திரிகைக்காரர்கள் குவிந்தார்கள். ஒன்றும் வரவில்லை. 1993 போனது, அப்புறம் பத்து ஆண்டுகளும் போயின. கடைசியில் 2004 செப்டம்பர் 28 காலை பத்தேகாலுக்கு வந்தது. இடம் சரி, 6.0 என்ற அளவும் சரி. ஆனால் முன்னதிர்வு இல்லை. 1966இல் வடக்கிலிருந்து தெற்கே கிழிந்த பிளவு இந்த முறை தெற்கிலிருந்து வடக்கே கிழிந்தது. அத்தனை நுட்பமான கருவிகளிலும் முந்தைய நாட்களில் தெளிவான அறிகுறி ஒன்றுகூடப் பதிவாகவில்லை.

வாசகிக்கு என் பதில் இதுதான். அந்த ஜோதிடர் சொன்ன தேதி பொய்த்தால் அடுத்த வீடியோவில் வேறு தேதி வரும், பழையது காணாமல் போகும். பார்க்ஃபீல்டில் முன்னறிவிப்பைப் பொதுவில் வைத்தார்கள். தவறியதும் எங்கே தவறினோம் என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். “இத்தனை ஆண்டு செலவு வீணா?” என்று அன்றே கேட்டவர்கள் உண்டு. வீணே இல்லை என்று அடித்துச் சொல்வேன். ஒரு நிலநடுக்கத்தின் முன்னும் பின்னும் அவ்வளவு கிட்டத்தில் இருந்து அதுவரை யாரும் பதிவு செய்ததில்லை. ‘இதோ அறிகுறி’ என்று யார் சொன்னாலும் உரசிப் பார்க்க நம்மிடம் இருக்கும் உரைகல் அந்தத் தரவுதான். இருபது ஆண்டுகள் காத்திருக்கும் ஆய்வுக்குப் பணம் ஒதுக்கும் மனசு அரசுகளுக்கு வேண்டும்.

சரி, ஏன் அந்த ஊரில் மட்டும் இப்படி? எனக்கு மிகவும் பிடித்த இடம் இங்கேதான் வருகிறது.

பார்க்ஃபீல்டுக்கு வடக்கே சுமார் 150 கி.மீ. நீளத்துக்குப் பிளவு ஓயாமல் நழுவுகிறது. நடுப்பகுதியில் ஆண்டுக்கு 3 செ.மீ. வரைக்கும், அதாவது கிட்டத்தட்ட நம் விரல் நகம் வளரும் வேகத்தில். தெற்கே அது பூட்டிக் கிடக்கிறது. பார்க்ஃபீல்டு இரண்டுக்கும் நடுவே. வடக்கு நழுவ நழுவ, நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் திட்டுகளில் இழுவிசை சேர்கிறது, ஒரு நாள் பிய்த்துக்கொள்கிறது.

அப்படியானால் வடக்கே ஏன் ஒட்டுவதில்லை? அதைப் பார்க்கத்தான் பிளவுக்கு 1.8 கி.மீ. மேற்கே துளை போட்டார்கள். முதலில் செங்குத்தாக, பிறகு சாய்வாக, கிட்டத்தட்ட 3 கி.மீ. ஆழத்தில் பிளவையே ஊடுருவும்படி. துளைக்குள் இறக்கிய எஃகுக் குழாய் இரண்டு இடங்களில் நசுங்கத் தொடங்கியது. பிளவு நழுவுவது அங்கேதான் என்று நசுங்கிய குழாயே காட்டிக்கொடுத்தது. 2007இல் அந்த இடங்களிலிருந்தே மாதிரியை வெட்டி எடுத்தார்கள். வெளியே வந்தது கறுத்த, பளபளப்பான, பச்சை கலந்த களிமண். ஒன்றின் அகலம் ஒன்றரை மீட்டர் சொச்சம், மற்றது இரண்டரை மீட்டர் சொச்சம், அவ்வளவுதான். இரண்டு புவித்தட்டுகளும் ஒன்றையொன்று கடந்து போவது அவ்வளவு குறுகிய சந்துக்குள்.

அந்தக் களிமண்ணில் நிறைந்திருப்பது சாபோனைட். பெயரே சோப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சாதாரணப் பாறையின் உராய்வு எண் 0.6 முதல் 0.8 வரை. இதற்கோ 0.15 அளவில்தான். ஆனால் வழுக்குவது மட்டும் பெரிய விஷயமில்லை.

இரண்டு கருங்கற்கள் ஒன்றோடொன்று அழுந்தி இருக்கும்போது உண்மையில் தொட்டுக்கொள்வது சில மேடுகள் மட்டுமே. அந்தத் தொடுபுள்ளிகள் நேரம் போகப் போக விரிந்து இறுகும். நகரத் தொடங்கிவிட்டால் இறுகுவதற்கு நேரம் கிடைக்காது, பிடி தளரும். தளர்வதால் வேகம் கூடும், வேகம் கூடுவதால் இன்னும் தளரும். நிலநடுக்கம் என்பது இந்தக் கட்டுமீறல்தான். சாபோனைட் அப்படியல்ல. அது தாள் தாளாக அடுக்கிய அமைப்பு, தாள்களுக்கு இடையே நீர். தட்டையான பரப்புகள் ஏற்கெனவே முழுசாகத் தொட்டுக்கொண்டிருப்பதால் காத்திருந்தாலும் பிடி இறுகுவதில்லை. வேகமாக நகர்த்தப் பார்த்தால் எதிர்ப்பு கொஞ்சம் கூடவே செய்கிறது. தனக்குள்ளேயே பிரேக் வைத்திருக்கும் மண். அதனால் ஓட முடியாது, நிற்கவும் முடியாது, ஊர்ந்துகொண்டே இருக்கும்.

சாபோனைட் எங்கிருந்து வந்தது? பாம்புத்தோல் போன்ற பச்சைநிறச் செர்பென்டைன் பாறை பிளவுக்குள் சிக்கி, பக்கத்துப் பாறைகளின் சிலிக்காவோடு வினைபுரிந்து இந்தக் களிமண் உருவானது. கலிபோர்னியாவின் கடலோர மலைகளில் பாதரசம் பெரும்பாலும் கிடைப்பதும் இதே செர்பென்டைனை ஒட்டித்தான். ஒரு காலத்தில் இந்த ஊருக்குச் சுரங்கத் தொழிலாளர்களைக் கூட்டி வந்த பாறைதான், பின்னால் நிலநடுக்க ஆய்வாளர்களையும் கூட்டி வந்திருக்கிறது.

பார்க்ஃபீல்டைத் தாண்டித் தெற்கே போனால் இந்த ஊர்தல் நின்றுவிடுகிறது. அங்கே பிளவு 1857 ஜனவரி 9 அன்று கடைசியாகக் கிழிந்தது. அன்று முதல் பூட்டியபடியே கிடக்கிறது. ஆண்டுக்கு 3 செ.மீ. என்று குறைத்தே கணக்குப் போட்டாலும், 5 மீட்டர் நகர்வுக்கான இழுவிசை அங்கே சேர்ந்திருக்கிறது.