கண்காணிப்பு வேறு, வேவு வேறு

"அமெரிக்கா உலகத் தலைவர்களின் தொலைபேசிகளைக் கண்காணித்தது." இந்த வாக்கியத்தை எத்தனை முறைதான் கேட்பது? அன்றைக்கு டிவியில் இது ஓடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா, "கண்காணிச்சா நல்லதுதானேப்பா, தப்பு பண்றவன்தானே பயப்படணும்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சொல்லைக் கேட்டால் எந்தத் தமிழனுக்கும் அப்படித்தான் தோன்றும். குற்றம் மொழிபெயர்த்தவர்மேல்தான்.

ஆங்கிலத்தில் சர்வைலன்ஸ் (surveillance) என்பதைத்தான் கண்காணிப்பு என்று மொழிபெயர்க்கிறார்கள். அது மூலத்தில் பிரெஞ்சுச் சொல். 'மேல்' என்ற பொருளுள்ள சொல்லும் 'விழித்திரு' என்ற பொருளுள்ள சொல்லும் சேர்ந்தது. 1793இல், பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்தபோது, ஊர்தோறும் சர்வைலன்ஸ் குழுக்கள் அமைத்து வெளியாட்களையும் சந்தேகப்பட்டவர்களையும் நோட்டம் விட்டார்கள். ஆங்கிலம் இந்தச் சொல்லைக் கடன் வாங்கியது அந்தக் காலத்தை ஒட்டித்தான், அந்தச் சந்தேக வாடையோடுதான். பிரெஞ்சில் தேர்வு அறையில் மாணவர்களைப் பார்த்துக்கொள்வதற்கும் இதே சொல் உண்டு, ஆங்கிலத்தில் அந்தப் பொருள் நிற்கவில்லை. நம்மவர்கள் வேரைப் பிரித்து, மேலிருந்து பார்ப்பது, அதனால் கண்காணிப்பு என்று முடித்துவிட்டார்கள். வேரை மட்டும் பார்த்தால் சூப்பர்விஷன் என்ற சொல்லும் மேலிருந்து பார்ப்பதுதானே! இரண்டுக்கும் ஒரே தமிழ்ச்சொல்லா?

கண்காணி நமக்குப் பழைய சொல். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்த்தவர்களை 'ஸ்ரீமாகேசுவரக் கண்காணி' என்று எழுதியிருக்கிறார்கள். கல்லில் வெட்டி வைக்கிற அளவுக்கு அது வெளிப்படையான பொறுப்பு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் மலாயா ரப்பர் தோட்டங்களிலும் இதுவே கங்காணி ஆனது. கங்காணி கொடுமைக்காரனாக இருக்கலாம், கடனில் மாட்டிவைத்து ஆள் பிடித்தவனாக இருக்கலாம், ஆனால் அவன் யார், எங்கே நிற்கிறான், எதைப் பார்க்கிறான் என்பது தொழிலாளிக்குத் தெரியும். திருமந்திரம் இன்னும் தெளிவாகச் சொல்கிறது. கண்காணி இல்லை என்று நினைத்துத்தான் கள்ளம் செய்கிறார்கள், எங்கும் கலந்து நிற்கிற கண்காணியைக் கண்டுகொண்டவர்களோ "கண்காணி கண்டார் களவொழிந் தாரே". கண்காணியைக் கண்டதால் களவு ஒழிகிறது. அதாவது கண்காணி கண்ணுக்குத் தெரிந்தால்தான் கண்காணிப்பே வேலை செய்யும். இன்றும் இதயத் துடிப்பைக் கண்காணிக்கிறார்கள், தேர்தலைக் கண்காணிக்கிறார்கள். எல்லாம் தெரிந்தே நடப்பது, ஒரு பொறுப்போடு நடப்பது.

இனி 2013க்கு வருவோம். அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.வுக்காக வேலை பார்த்த எட்வர்ட் ஸ்னோடன் வெளியே கொண்டுவந்த ஆவணங்களில் இருந்தது என்ன? கோடிக்கணக்கான சாதாரண அமெரிக்கர்கள் யாருக்கு, எப்போது, எவ்வளவு நேரம் போன் பேசினார்கள் என்ற பதிவு மொத்தமாக அரசிடம் போய்க்கொண்டிருந்தது. பேசியவர்களுக்கு அது தெரியாது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் சேர்ந்த 'ஐந்து கண்கள்' என்ற உளவுக் கூட்டணிக்கு அடிப்படையான ஒப்பந்தம் 1946இல் கையெழுத்தானது, அதன் வாசகம் பொதுமக்கள் பார்வைக்கு வந்ததோ 2010இல். 64 வருடம் ஒளிந்திருந்த கண்ணுக்குக் கண்காணி என்று பேர் வைப்பதா?

இதற்கு நம்மிடம் வேவு இருக்கிறது. தொல்காப்பியத்தில் வெட்சித் திணையில் பகைவரின் ஆநிரையைக் கவரப் போகுமுன் ஒற்றர் அறிந்து வந்து சொல்வது 'வேய்'. அதன் வழி வந்ததுதான் வேவு. மறைந்து பார்ப்பது, பார்க்கப்படுபவனுக்குத் தெரியாமல் பார்ப்பது, பின்னால் ஒரு கவர்தல் இருப்பது என மூன்றும் அந்த ஒரு சொல்லிலேயே இருக்கின்றன. இதைவிடப் பொருத்தமாக எதைத் தேடுகிறார்கள்?

வேவு என்றால் ஓர் ஆள் இன்னோர் ஆளைப் பார்ப்பதுதானே, கணினி கோடிப் பேரின் தகவலை அள்ளுவதற்கு அது பொருந்துமா என்று ஒரு நண்பர் கேட்டார். சரி, திருக்குறளில் ஒற்றாடல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். "எல்லார்க்கும் எல்லாம் நிகழ்பவை எஞ்ஞான்றும் வல்லறிதல் வேந்தன் தொழில்." எல்லாரிடமும், எல்லாவற்றையும், எப்போதும்! இது வேந்தன் செய்ய வேண்டியதா என்பதில் எனக்குக் குறளோடு கருத்து வேறுபாடு உண்டு, ஆனால் குறள் அந்த வேலையின் பேரை மறைக்கவில்லை, ஒற்றாடல் என்றே சொல்கிறது. ஆகவே மொத்தமாக அள்ளுவதைப் 'பெருவேவு' என்று எழுதலாம். 'வெகுசனக் கண்காணிப்பு' என்று எழுதினால் மக்கள் திரண்டு அரசைக் கண்காணிப்பது போலவும் படிக்க முடிகிறது. 'கண்காணிப்பு முதலாளித்துவம்' என்பதோ அதைவிட மோசம், ஏதோ முதலாளிகளை அரசு ஒழுங்காக மேற்பார்க்கிறது என்ற பொருள் வந்துவிடுகிறது. இணைய நிறுவனங்கள் நம் தேடலையும் இருப்பிடத்தையும் எடுத்து விற்றுப் பிழைக்கும் முறை அது. 'வேவு முதலாளியம்' என்றால் ஒரு நொடியில் புரியும். உளவு என்ற சொல் உளவுத்துறைக்கு ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது, அதை அங்கேயே விட்டுவிடுவோம்.

தன் கைபேசியை அமெரிக்கா ஒட்டுக்கேட்டதாகச் செய்தி வந்தபோது, 2013 அக்டோபரில், ஜெர்மனியின் அன்றைய சான்சலர் அங்கெலா மெர்க்கல் ஜெர்மன் மொழியில் என்ன சொன்னார் தெரியுமா? மேற்பார்வைக்கும் சேர்த்துப் புழங்கும் சொல்லை அவர் எடுக்கவில்லை, வேவு பார்ப்பதற்கான சொல்லையே எடுத்தார். நண்பர்களுக்குள் வேவு பார்ப்பதெல்லாம் ஆகவே ஆகாது என்றார். இதைத் தமிழில் 'நட்பு நாடுகளைக் கண்காணிப்பது ஏற்புடையதல்ல' என்று எழுதினால் அவருடைய கோபம் எங்கே போயிற்று?

மறுநாள் சித்தப்பாவிடம் அதே செய்தியை, "நம்ம போனையும் வேவு பார்க்கிறாங்களாம் சித்தப்பா" என்று சொன்னேன். "எதுக்கு? நாம என்ன பண்ணோம்?" என்றார். செய்தி ஒன்றுதான், சொல் மட்டும்தான் மாறியது.

கடை வாசலில் பலகை வைத்து மாட்டிய கண்காணிப்பு கேமரா என்ற பேரில் எனக்குச் சண்டை இல்லை, அது கண்ணுக்குத் தெரிகிறது. அதே கேமராவில் பதிந்த முகத்தை நமக்குத் தெரியாமல் எங்கேயோ ஒரு பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அந்த இடத்திலிருந்து அது வேவு.